அடுப்பு இரண்டு என்றால் குடும்பமும் இரண்டா? – குன்னூர் மேல்தெரு குரூப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

காலை 7:05
மாடி வீட்டு அக்கா: எல்லோருக்கும் வணக்கம். கணக்கெடுக்க வீடு வீடாக வரப்போகிறார்களாமே? போன நவம்பரில்தானே எஸ்.ஐ.ஆர். ஃபார்ம் எழுதிக் கொடுத்தோம். மறுபடியும் முதலிலிருந்தா?

7:11
ஹெச்.எம். சார்: அது ஓட்டர் லிஸ்ட் அம்மா. இது சென்சஸ். 2011-க்கு அப்புறம் 2021-ல் எடுத்திருக்க வேண்டியது, கொரோனாவில் நின்றது. இப்போது இரண்டு கட்டமாக எடுக்கிறார்கள். 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் ஒவ்வொரு மாநிலத்திலும் 30 நாள் வீட்டுக் கணக்கு. 2027 பிப்ரவரியில் ஆள் கணக்கு. மார்ச் 1 தான் கணக்கு நாள்.

7:13
டீக்கடை அண்ணன்: அப்போ இரண்டு தடவை வருவார்கள். இரண்டு தடவை டீ 😄

7:20
பேக்கரி அண்ணன்: ↪ பல முறை பகிரப்பட்டது
அவசரம்!! கணக்கெடுப்பில் தனிக்குடும்பம் என்று எழுதினால் ரேஷன் கார்டு ரத்து!! மகளிர் உரிமைத் தொகை நிறுத்தம்!! அனைவருக்கும் பகிரவும் 🙏🙏

7:21
மாடி வீட்டு அக்கா: ஐயோ

7:26
ஹெச்.எம். சார்: தம்பி, இதை எங்கிருந்து எடுத்தீர்கள்? 1948 சென்சஸ் சட்டம், பிரிவு 15: நீங்கள் சொன்ன விவரத்தை யாரும் வாங்கிப் பார்க்க முடியாது, கோர்ட்டில்கூட சாட்சியாகக் காட்ட முடியாது. ரேஷன் கார்டு வேறு, இது வேறு. கணக்கெடுக்க வருபவர் ஆதார் கேட்கமாட்டார், பேங்க் புக் கேட்கமாட்டார். போனில் யாராவது ஓ.டி.பி. கேட்டால் சென்சஸ்காரர் இல்லை, திருடன்.

7:27
பேக்கரி அண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

7:31
மாடி வீட்டு அக்கா: சார், என் சந்தேகமே அதுதான். எங்களுக்குக் கார்டு ஒன்று, மாமியார் பெயரில். கீழே ஓர்ப்படி வீடு, மேலே நாங்கள். ஒரே கதவு எண். ஒரு குடும்பமா, இரண்டா?

7:33
ஹெச்.எம். சார்: அடுப்பு எத்தனை?

7:33
மாடி வீட்டு அக்கா: இரண்டு. மாமியார் எங்களோடு சாப்பிடுகிறார்.

7:35
ஹெச்.எம். சார்: அப்போ இரண்டு குடும்பம். சென்சஸில் குடும்பம் என்றால் ஒரே சமையலில் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள். ரத்த சம்பந்தம்கூடத் தேவையில்லை. டீச்சர் வீட்டுக்குப் பின்னால் மூன்று நர்ஸ் பிள்ளைகள் சேர்ந்து சமைக்கிறார்களே, அது ஒரு குடும்பம்.

7:38
பேக்கரி அண்ணன்: எங்கள் வீட்டில் நேர்மாறாக இருக்கிறது சார். உரிமைத் தொகை வந்த சமயத்தில் அண்ணி தனிக் கார்டு வாங்கிவிட்டார். கார்டு இரண்டு, சமையல் ஒன்று.

7:39
ஹெச்.எம். சார்: சென்சஸுக்கு நீங்கள் ஒரே குடும்பம்.

7:39
பேக்கரி அண்ணன்: அண்ணியும் இந்தக் குரூப்பில்தான் இருக்கிறார் சார் 🙈

7:52
திருப்பூர் தம்பி: சார், என்னை எங்கே எழுதுவார்கள்? கார்டும் ஓட்டும் குன்னூரில்தான். வேலை திருப்பூரில். மாதம் ஒரு தடவை மேலே வருகிறேன்.

7:56
ஹெச்.எம். சார்: வழக்கமாக எங்கே தங்குகிறாயோ அங்கே. உன்னைத் திருப்பூரில் எண்ணுவார்கள்.

7:57
திருப்பூர் தம்பியின் அம்மா: அது எப்படி சார்? பெற்றது வளர்த்தது எல்லாம் இங்கே. கட்டில்கூட அப்படியே கிடக்கிறது.

8:04
ஹெச்.எம். சார்: கட்டிலை எண்ண மாட்டார்களே அம்மா. ஆனால் நீங்கள் கேட்டதில்தான் இந்த மாவட்டத்தின் கதையே இருக்கிறது. 2001-ல் நீலகிரியில் 7,62,141 பேர். 2011-ல் 7,35,394. தமிழ்நாடு முழுக்க 15.6 சதவீதம் கூடிய அந்தப் பத்து வருடத்தில் இறங்கிய ஒரே மாவட்டம் நம்முடையது. குன்னூர் டவுன் 50 ஆயிரத்துக்கு மேல் இருந்தது, 45,494 ஆனது. ஊட்டி 93 ஆயிரத்துக்கு மேல் இருந்தது, 88,430 ஆனது.

8:06
டீக்கடை அண்ணன்: சனி ஞாயிறு சிம்ஸ் பார்க் பக்கம் வந்து பாருங்கள் சார், ஆள் குறைந்த மாதிரியா இருக்கிறது? கட்டபெட்டு வரை வண்டி நிற்கிறது.

8:07
ஹெச்.எம். சார்: அவர்கள் எல்லாம் அவரவர் ஊர்க் கணக்கு 🙂

8:15
அங்கன்வாடி டீச்சர்: பிள்ளைகள் பிறப்பதே குறைந்துவிட்டது சார். எங்கள் சென்டரில் ஒரு காலத்தில் உட்கார இடம் இருக்காது. இப்போது முட்டை மிச்சமாகிறது.

8:24
ஹெச்.எம். சார்: அதுவும் உண்டு டீச்சர். 2011-லேயே ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள் 66,799 பேர்தான், நூற்றுக்கு ஒன்பது. ஆனால் பிறப்பு குறைந்தால் வளரும் வேகம்தான் முதலில் குறையும். மொத்தமே இறங்கவேண்டும் என்றால் ஆட்கள் கிளம்பிப் போயிருக்க வேண்டும். யார் போனார்கள் என்பதும் அதே கணக்கில் தெரிகிறது. ஆண்கள் 3,60,143. பெண்கள் 3,75,251. ஆயிரம் ஆணுக்கு 1,042 பெண்.

8:26
பேக்கரி அண்ணன்: பெண் குழந்தைகள் அதிகம் பிறந்திருக்கலாமே சார்?

8:31
ஹெச்.எம். சார்: அந்தச் சின்னப் பிள்ளைகளில் பையன்கள் 33,648, பெண் பிள்ளைகள் 33,151. பையன்கள்தான் கொஞ்சம் அதிகம். வளர்ந்த பிறகு ஆண்கள் குறைகிறார்கள் என்றால் பெரும்பகுதி கீழே இறங்கியிருக்கிறார்கள். பெண்களுக்கு ஆயுள் கூடுதல் என்பதும் சேரும். இதற்கும் வெலிங்டன் பாரக்ஸில் இருக்கும் அத்தனை பட்டாளத்துக்காரர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அவர்களை எடுத்துவிட்டுப் பார்த்தால் இன்னும் இடைவெளி கூடும்.

8:33
மாடி வீட்டு அக்கா: எங்கள் தெருவையே எண்ணிப் பாருங்கள். என் வீட்டுக்காரர் கோவை, எதிர் வீட்டுப் பையன் கோவை, தம்பி திருப்பூர், டீச்சர் மகன் பெங்களூர். தண்ணீர் லாரி வந்தால் குடம் பிடிக்க நாங்கள்தான் நிற்கிறோம்.

8:40
டீக்கடை அண்ணன்: 98 வாக்கில் பச்சைத் தேயிலைக்கு நல்ல விலை. என் அப்பா டி.வி. வாங்கினார். அப்புறம் விழுந்தது பாருங்கள், எழுந்திருக்கவே இல்லை. ஒரு ஏக்கர் வைத்திருந்தவன் இலை பறிக்கக் கூலி கொடுக்க முடியாமல் பனியன் கம்பெனிக்குப் போனான். ஊட்டி இந்து நகரில் பிலிம் ஃபேக்டரியும் படுத்துவிட்டது. மிச்சம் என்ன இருக்கிறது? காட்டேஜ் காவல், டாக்ஸி, டீக்கடை.

8:42
திருப்பூர் தம்பி: உண்மை அண்ணா. என் செக்‌ஷனில் கூடலூர், பந்தலூர் ஆட்களே ஒரு கூட்டம் இருக்கிறோம். லன்ச்சில் குளிர் பற்றித்தான் பேச்சு.

9:10
பேத்தி (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லைன் வீடு): பாட்டிக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அவர் சொல்வதை அப்படியே அடிக்கிறேன். "நாங்க இலங்கையிலிருந்து வரும்போது தலைமன்னார்ல ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து மண்டபம் கேம்ப்ல கிடந்தோம். அப்புறம் இந்த மலைக்கு வந்தோம். அப்பல்லாம் ஒரு லைன் வீட்ல ரெண்டு குடும்பம், நடுவுல சேலையைக் கட்டித் தொங்கவிட்டுக்குவோம். இப்ப ஆறு லைன்ல நாலு பூட்டு."

9:18
ஹெச்.எம். சார்: பாட்டிக்கு வணக்கம் சொல்லு அம்மா. அவர் சொல்வது கணக்கிலேயே தெரியும். 1901-ல் இந்த மாவட்டத்தில் 1,12,882 பேர்தான். 1971-ல் 4,94,015. 1981-ல் 6,30,169. அந்தப் பத்து வருடத்தில் மாநிலம் வளர்ந்ததைவிட நாம் அதிகம் வளர்ந்தோம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவு. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் வனத்துறை தேயிலை நட ஆரம்பித்தது, 1976-ல் அது டான்டீ என்ற அரசு தேயிலைக் கம்பெனி ஆனது. வேலை வந்தபோது மலை ஏறினோம். வேலை போனதும் அதே குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் இறங்குகிறார்கள்.

9:20
பேத்தி (லைன் வீடு): நானும் இறங்கத்தான் போகிறேன் சார். நர்சிங் முடிந்ததும். பாட்டிக்கு இதை வாசிக்கவில்லை.

9:22
பேக்கரி அண்ணன்: பூட்டிய லைன் வீட்டில் எல்லாம் இப்போது ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள். அவர்களையும் எண்ணி நம் ஆள் கணக்கை ஏற்றிவிடுவார்களா?

9:27
அங்கன்வாடி டீச்சர்: ஏற்றிவிடுவது என்ன அண்ணா? இங்கேதானே இருக்கிறார்கள், இங்கே இலை பறிக்கிறார்கள். என் சென்டருக்கு வரும் பிள்ளைகளில் பாதி அவர்கள் பிள்ளைகள்தான். அவர்கள் இல்லையென்றால் சென்டரையே மூடியிருப்பார்கள்.

9:29
ஹெச்.எம். சார்: டீச்சர் சொல்வது சரி. நம் திருப்பூர் தம்பியை அங்கே எண்ணுவது எந்த விதியோ, அந்த விதிதான் இவர்களுக்கும். அவர்களுக்கு பாஷை தெரியாது என்று விட்டுவிட்டுப் போகாமல் எண்ண வருபவருக்கு வீட்டைக் காட்டுங்கள். ரேஷன் கடை, ஹெல்த் சென்டர், பள்ளி வாத்தியார் எல்லாம் இந்த ஆள் கணக்கை வைத்துத்தான் கேட்க முடியும்.

9:34
கடைசி வீட்டுச் சித்தப்பா: சாதியும் கேட்பார்களாமே? 1931-க்கு அப்புறம் இப்போதுதானாம். நம் தெருவில் யார் யார் என்னவென்று

9:34
ஹெச்.எம். சார்: அது பிப்ரவரியில், அவரவர் வீட்டில். குரூப்பில் வேண்டாம்.

9:35
மாடி வீட்டு அக்கா: 👍

9:48
திருப்பூர் தம்பியின் அம்மா: பக்கத்து காட்டேஜ் பற்றி ஒருவரும் பேசவில்லையே. சென்னைக்காரர் வருடத்தில் ஒரு வாரம் வருகிறார். அதையும் குடும்பம் என்று எழுதுவார்களா?

9:53
ஹெச்.எம். சார்: வீடு என்று எண்ணுவார்கள், காலி என்று குறிப்பார்கள். அதனால்தான் நம் ஊரில் கட்டடம் கூடும், ஆள் கூடாது. 2011-ல் மாவட்டத்தில் சுமார் 1.97 லட்சம் குடும்பம் இருந்தது. வகுத்துப் பார்த்தால் குடும்பத்துக்கு 3.7 பேர். அப்போது நான்தான் இந்தத் தெருவுக்கு ஃபார்மோடு வந்தேன். பென்சிலில் எழுதி, வீட்டுக்குப் போய் மறுபடி கூட்டிப் பார்ப்பேன். இந்தத் தடவை செல்போன் ஆப். வேண்டுமானால் நீங்களே முன்கூட்டி ஆன்லைனில் நிரப்பலாம், ஒரு எண் வரும், வருபவரிடம் அதைக் காட்டினால் போதும்.

9:55
டீக்கடை அண்ணன்: இப்போது 3.7 இருக்காது சார். எங்கள் வீட்டில் இரண்டு பேர். பக்கத்தில் ஒருவர், எதிரில் இரண்டு பேர். தெருவிலேயே பெரிய குடும்பம் அந்த ஜார்க்கண்ட் வீடுதான், ஏழு பேர்.

10:02
மாடி வீட்டு அக்கா: சார், குடும்பத் தலைவர் என்று யாரை எழுதுவது? வீட்டுக்காரர் கோவையில்.

10:04
ஹெச்.எம். சார்: வீட்டில் இருப்பவர்கள் யாரைத் தலைவர் என்று சொல்கிறீர்களோ அவர். ஆணாகத்தான் இருக்கவேண்டும் என்று இல்லை. வயதும் பார்ப்பதில்லை.

10:05
மாடி வீட்டு அக்கா: மாமியார் பக்கத்தில்தான் இருக்கிறார். "நான்தான்" என்கிறார் 😂

10:06
பேக்கரி அண்ணன்: மின்கட்டணம் யார் கட்டுகிறார் என்று கேட்டுப் பாருங்கள் அக்கா

10:06
மாடி வீட்டு அக்கா: அண்ணா நீங்கள் சும்மா இருங்கள்

10:15
ஹெச்.எம். சார்: வீட்டுக் கணக்கில் மொத்தம் 33 கேள்வி. தரை, சுவர், கூரை எதனால் ஆனது, எத்தனை ரூம், எத்தனை பேர், கல்யாணம் ஆன ஜோடி எத்தனை, தண்ணீர் எங்கிருந்து, கழிப்பறை, சமையல் எதில், டி.வி., இன்டர்நெட், வண்டி, முக்கியமாக எந்தத் தானியம் சாப்பிடுகிறீர்கள் என்பது வரை. பதில் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். பகலில் தோட்டத்துக்குப் போகிறவர்கள் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள். பூட்டியிருக்கிறது என்று எழுதிவிட்டால் அப்புறம் அலைச்சல்.

10:17
கடைசி வீட்டுச் சித்தப்பா: எந்தத் தானியமா? ராகிக் களி என்று எழுதச் சொல்வேன்.

10:18
சித்தி: பொய் சொல்லாதீர்கள், மூன்று வேளையும் அரிசிதான்.

10:31
மாடி வீட்டு அக்கா: சார், ஓர்ப்படி இப்போதுதான் மேலே வந்து கேட்கிறாள். கேஸ் கனெக்‌ஷன் யார் பெயரில் என்று கேட்பார்களா?

10:32
ஹெச்.எம். சார்: மாட்டார்கள். கேஸ் கனெக்‌ஷன் இருக்கிறதா, எதில் சமைக்கிறீர்கள் என்றுதான்.

10:34
மாடி வீட்டு அக்கா: அப்போ சரி. இரண்டு குடும்பம் என்றே எழுதிக்கொள்ளட்டும். மாமியார் கீழேயும் தலைவர் ஆகமுடியுமா என்று கேட்கிறார்.

10:35
ஹெச்.எம். சார்: ஒரு ஆளை ஒரு இடத்தில்தான் எண்ணுவோம் அம்மா. அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.