டிரெயின் போல்ட் இறுகாமல் சும்மா சுற்றுகிறது, ஆயில் சேம்பரையே மாற்றணுமா?

திருப்பூர்க்காரன்:
வணக்கம். 2012 மாடல் பெட்ரோல் கார். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஆயில் மாற்றினேன். எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சேம்பரில், பழைய ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைத் திரும்பப் போடும்போது இறுகிக்கொண்டே வந்து சட்டென்று லூசாகிவிட்டது, அப்புறம் எவ்வளவு திருப்பினாலும் சும்மா சுற்றுகிறது. கழற்றினால் போல்ட்டோடு வெள்ளி நிறத்தில் ஸ்பிரிங் மாதிரி ஒரு சுருள் வந்தது. வேறு வழி தெரியாமல் டெஃப்லான் டேப் சுற்றிப் போட்டு ஆயில் ஊற்றி, ராத்திரி கீழே அட்டை விரித்து வைத்தேன். காலையில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை. போன சர்வீஸில் ஸ்பேனரில் நீளமான பைப் மாட்டி இறுக்கியதைப் பார்த்தேன், அதனால்தானோ? புதன்கிழமை அம்மாவை மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டும், அவசரம்.

கோவை லேத்:
தம்பி, முதலில் வண்டியை எடுக்காதீங்க. ஓடும்போது அந்த போல்ட் கழன்றால் மொத்த ஆயிலும் ரோட்டில் கொட்டி எஞ்சின் சீஸ் ஆகிவிடும். போல்ட்டோடு வந்த சுருள்தான் சேம்பரின் மரை. சேம்பரில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்க. ஒட்டினால் இரும்புத் தகடு, ஒட்டாவிட்டால் அலுமினியம்.

டீசல்பிரியன்:
ஓவர்சைஸ் போல்ட், அதாவது பழையதைவிடக் கொஞ்சம் பெரியது, கடையில் கிடைக்கும் நண்பரே, அதுவே மரை வெட்டிக்கொண்டு உள்ளே போகும். பத்து நிமிட வேலை.

கோவை லேத்:
இரும்பு என்றால் சரி, அலுமினியத்தில் வேண்டாம். கொஞ்சம் கோணலாக ஏறினாலும் வாஷர் சமமாக உட்காராது, ஓட்டையைச் சுற்றி விரிசல் விட்டுப் பட்டறைக்கு வந்த சேம்பர்களை நானே பார்த்திருக்கிறேன்.

திருப்பூர்க்காரன்:
காந்தம் ஒட்டவில்லை அண்ணா.

கோவை லேத்:
அப்போ ஹெலிகாயில் போட்டுடுங்க, புது சேம்பர் செலவு மிச்சம். பழைய ஓட்டையைப் பெரிதாக்கி, அதற்கென்று இருக்கிற டேப் என்கிற வெட்டும் கருவியால் மரை வெட்டி, எஃகுக் கம்பிச் சுருளை உள்ளே ஏற்றுவோம். பழைய போல்ட் அளவே பொருந்தும், மரையும் முன்பைவிடப் பலமாக இருக்கும். வண்டியிலேயே வைத்துச் செய்பவர்களும் உண்டு, அந்தக் கருவியின் பள்ளத்தில் கிரீஸ் தடவினால் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. சுருளை ஏற்றி முடித்ததும், அதைப் பிடித்துத் திருப்ப நுனியில் இருக்கிற வாலை உடைக்கணும், அந்தத் துண்டு உள்ளே விழுந்தால் கழற்றாமல் எப்படித் தேடுவீங்க? சேம்பரைக் கழற்றியே கொடுங்க. நீங்க சுற்றிய டெஃப்லான் டேப் துணுக்கு ஏதாவது ஆயில் பம்ப் சல்லடையில் ஒட்டியிருக்கா என்றும் அப்போது பார்த்துவிடலாம். இன்னொன்று, ஆயிலை நிறுத்துவது மரை இல்லை, வாஷர்தான். சுருள் சேம்பர் முகத்தைவிட ஒரு மயிரிழை உள்ளே இருக்கணும், வாஷர் புதுசாக இருக்கணும்.

டீசல்பிரியன்:
ஆமாம், அலுமினியம் என்றால் அண்ணன் சொல்வதுதான் சரி. இனி டார்க் ரெஞ்சு (எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் தொடாதீங்க. சின்ன பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர்தான், உங்கள் வண்டிக்கான அளவை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்க.

திருப்பூர்க்காரன்:
வெள்ளிக்கிழமை லேத்தில் முடித்தாயிற்று. சல்லடையில் டெஃப்லான் டேப் நூல் இரண்டு இருந்தது, பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. புது வாஷர், புது ஆயில், மேனுவலில் போட்டிருந்த 35-இல் இறுக்கினேன். மூன்று ராத்திரி அட்டை வைத்தும் ஒரு சொட்டு இல்லை. மதுரைக்கு அம்மாவும் நானும் பஸ்ஸிலேயே போய் வந்துவிட்டோம். ரொம்ப நன்றி அண்ணா.