மனசில் நின்ற டாக்டர், நர்ஸ்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அருமனைக்காரி:

அம்மாவுக்கு மெடிக்கல் காலேஜ் வளாகத்தில்தான் பார்த்தோம். (ஆசாரிப்பள்ளம் வந்த பிறகும் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு மெடிக்கல் காலேஜ் என்றால் திருவனந்தபுரம்தான்.) அங்குள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரியான ஆர்.சி.சி.யில் ரேடியேஷன் முடிந்து, இனி வலியைத்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டம். அதற்கு முந்தைய கதை இங்கே பலருக்கும் தெரிந்ததுதான், விடுங்கள்.

வலிக்குப் பார்க்கும் டாக்டர் சின்ன வயது மலையாளிப் பெண். அதுவரை எல்லோரும் என்னிடம்தான் கேட்டார்கள். இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, அரைகுறைத் தமிழில், "அம்மா, ராத்திரி உறக்கம் உண்டா?" என்றார். மார்ஃபின் மாத்திரை எழுதினார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அம்மாவுக்கு எழுத்தும் தெரியாது, மணியும் பார்க்கத் தெரியாது. டாக்டர் சீட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, "காலையில் எழும்பினதும் என்ன செய்வீங்க? அப்புறம்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் படம் வரைந்தார். ஆறு மணிக்குச் சூரியன். பத்து மணிக்கு அம்மா மரச்சீனி அவிப்பார், அதனால் அடுப்பில் ஒரு பானை. இரண்டு மணிக்குக் கோழி. சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கு. ராத்திரி பத்துக்கு நிலா, அதன் பக்கத்தில் மட்டும் இரண்டு மாத்திரை. நடுராத்திரி இரண்டு மணிக்கு எழும்பக் கூடாது என்றுதான் படுக்கும்போது இரட்டை டோஸாம். மலச்சிக்கலுக்கும் கூடவே மருந்து கொடுத்தார். மார்ஃபின் கொடுத்தால் அதையும் சேர்த்தே கொடுக்க வேண்டுமாம்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா வேறு எதுவும் பேசவில்லை. "பானைக்கு மூடி போடாம வரஞ்சிருக்கா பிள்ளை" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

பால்வெட்டு:

குலசேகரம் பக்கம். அண்ணனுக்குப் பாம்பு கடித்தது. விடியுமுன் தலையில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவர்களுக்கு இது தெரியும், சருகுக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது.

சர்க்கார் ஆஸ்பத்திரி. டியூட்டி டாக்டர் வேறொரு கேஸில் இருந்தார், நர்ஸ் உடனே ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு ஜன்னல் திண்டில் நிறுத்தினார். இருபது நிமிடம் அசையக் கூடாது. எங்கள் ஆட்கள் பத்துப் பேர், ஆளாளுக்குச் சத்தம். அந்த அம்மா ஜன்னலுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். கடிகாரத்தையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். "கண் இமை தாழுதா? மூச்சு முட்டுதா? சொல்லுங்க" என்று அண்ணனைப் பேச வைத்துக்கொண்டே இருந்தார். நேரம் முடிந்ததும் குழாயைச் சாய்த்தார். தண்ணீர் மாதிரி ஓடியது. உறையவில்லை, ரத்தத்தில் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். "சார்!" என்று ஒரு குரல்தான் கொடுத்தார், டாக்டர் ஓடி வந்து விஷமுறிவு மருந்தை ஏற்ற ஆரம்பித்தார். அந்த அம்மாவுக்கு ஷிப்ட் முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அண்ணன் இப்போதும் வெட்டுக்குப் போகிறார். பூட்ஸ் போட்டுக்கொண்டு.

எல்லைக்கடை:

எல்லோரும் டாக்டரையும் நர்ஸையும் மட்டும் சொல்கிறீர்கள். என் அப்பாவை ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் வராந்தாவில் போட்டுவிட்டு, முன்பணம் கட்டு என்றார்கள். கோட்டுப் போட்டவர் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த சேச்சிதான் அப்பாவின் நனைந்த வேட்டியை மாற்றி, எங்கிருந்தோ ஒரு போர்வை கொண்டு வந்து போர்த்தினார். என் கணக்கில் அவர்தான் டாக்டர்.

தம்பி பால்வெட்டு, உன் அண்ணன் பிழைத்தது சந்தோஷம். ஆனால் பத்துப் பேர் கூடப் போனது தப்பு. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கடித்த இடத்துக்கு மேலே கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசு இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். காலை அசையாமல் பலகையோ கம்போ வைத்துக் கட்டித் தூக்கிப் போங்கள், நடக்க விடாதீர்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீர்கள். நம் ஊர் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்துச் செய்தது, அதனால் இந்த நாலில் எது என்று தெரியாவிட்டாலும் மருந்து ஒன்றுதான். மலையோரத் தோட்டத்தில் இன்னொன்று உண்டு, மூக்கு மேல்நோக்கி நிற்கும் குழிவிரியன். அதற்கு இந்த மருந்து கேட்காது. சிறுநீரகத்தைப் பிடிக்கலாம், அதனால் சின்னப் பாம்பு என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். மந்திரிக்கிறவரிடம் போய் ஒரு மணி நேரம் போக்குவதற்குப் பதில் 108-ஐக் கூப்பிடலாம்.

அருமனைக்காரியிடம் ஒன்று. மார்ஃபின் போதை மருந்து இல்லையா? அம்மாவுக்குப் பழகிப்போய்விடாதா? அதை நல்லது என்று இங்கே எழுதலாமா?

செங்கோட்டை மருமகள்:

எனக்குத் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. பிரசவ ஆஸ்பத்திரி. மகன் மாதம் நிறையுமுன் பிறந்துவிட்டான், ஒன்றரைக் கிலோதான். ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குக் காய்ச்சல், எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. கங்காரு மாதிரி நெஞ்சோடு வைத்துச் சூடு கொடுக்க வேண்டும். 1978-ல் கொலம்பியாவில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கிய முறை என்றார் சிஸ்டர். என்னால் முடியாது என்றதும் வெளியே போய் என் வீட்டுக்காரரைக் கூட்டி வந்துவிட்டார். அவர் ஆரியங்காவு வழியாகக் காய்கறி லோடு ஓட்டுகிறவர், அப்படியே வண்டியிலிருந்து வந்திருந்தார். சிஸ்டர் அவரைக் குளித்துவிட்டு வரச் சொல்லி, சட்டைப் பட்டனைத் தானே கழற்றி, குழந்தையை நெஞ்சில் வைத்து முண்டால் சுற்றிக் கட்டினார். வீட்டுக்காரர் மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தது. அவர் கையை எடுக்கவில்லை. சிஸ்டர்தான் விரட்டினார்.

என் மாமியாருக்கு ஆம்பிளை பிள்ளையைச் சுமப்பதா என்று ஒரே வருத்தம். சிஸ்டர் அவரையும் உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசினார்.

நெய்யூர்ப் பேரன்:

பழைய கதை, மன்னிக்கவும். எங்கள் பூட்டனாருக்கு வயிற்றுப்புண் ஆபரேஷன் நெய்யூர் ஆஸ்பத்திரியில். சோமர்வெல் டாக்டர் காலம். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன அதே சோமர்வெல். முதல் தடவை போய்விட்டு இந்தப் பக்கம் வந்தவர், நெய்யூரில் காத்துக் கிடந்த நோயாளிகளைப் பார்த்து, லண்டனில் கிடைக்கவிருந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். அன்று திருவனந்தபுரமும் நெய்யூரும் எல்லாம் திருவிதாங்கூர் சமஸ்தானம்தான். பூட்டனார் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுவாராம், "மலை ஏறின கை" என்று. எல்லைக்கடை சார், கோட்டுப் போட்டவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

அருமனைக்காரி:

எல்லைக்கடை அண்ணன், இந்தப் பயத்தால்தான் எத்தனையோ பேர் கத்திக் கத்திச் செத்தார்கள். 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிகளே மார்ஃபின் வாங்கப் பயந்தன. 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்துக்காகப் போராடியவர்களில் ஒருவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். 1993-ல் கோழிக்கோட்டில் வலி கிளினிக் தொடங்கியவர், 2003-ல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற வலி தணிப்பு அமைப்பைத் தொடங்கியவர். புற்றுநோய் வலிக்கு டாக்டர் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் மார்ஃபினைப் போதைக்கு எடுப்பதோடு சேர்த்துப் பேசக் கூடாது. திடீரென்று நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். அம்மா அந்த மாத்திரை போட்ட பிறகுதான் உட்கார்ந்து எங்களோடு சாப்பிட்டார். பேரப்பிள்ளைக்குத் தலை பின்னினார். எனக்கு அது போதும்.

எல்லைக்கடை:

கோபப்படாதே தங்கச்சி. பெரியம்மாவுக்கு இப்போது அதே கட்டம். வீட்டில் எல்லோரும் அந்த மாத்திரை வேண்டாம் என்கிறார்கள், அதனால்தான் கேட்டேன். ராத்திரி முழுக்க முனகுகிறார். என்னென்ன கொண்டு போக வேண்டும்?

அருமனைக்காரி:

முதலிலேயே சொல்லக் கூடாதா அண்ணா! பழைய ரிப்போர்ட், பயாப்சி, இப்போது போடும் மாத்திரை அட்டைகள் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். கூடத் துணைக்கு இருக்கும் பைஸ்டாண்டராக நீங்கள் போகாதீர்கள், ராத்திரி பெரியம்மாவின் பக்கத்தில் படுக்கிறவரைக் கூட்டிப் போங்கள். எப்போது வலி வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று டாக்டர் கேட்பார், பக்கத்தில் படுக்கிறவருக்குத்தான் அது தெரியும். வேண்டாம் என்கிறவர்களில் ஒருவரையும் கூட ஏற்றிக்கொள்ளுங்கள், அவரிடமும் டாக்டரே பேசட்டும். மதியச் சோற்றுக்கு அலைய வேண்டாம், மெடிக்கல் காலேஜில் பொதிச்சோறு சும்மா கொடுக்கிறார்கள்.