ஓகஸ்டில் திருகோணமலைக்கு வருவோருக்கு: கோட்டை வாசலும் கடல்சார் அருங்காட்சியகமும்

எல்லோருக்கும் வணக்கம்.

பிள்ளைகளோடு வருபவர்கள் எதை முதலில் காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். காலையில் கோட்டை வாசல், வெயில் ஏறியதும் அருங்காட்சியகம். மாற்றிப் போனால் கல்வெட்டு தெரியாது.

பிரெட்ரிக் கோட்டை வாசலில் இரட்டைக் கயலும் தமிழ் எழுத்தும் செதுக்கிய கல் இருக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்கு ஓட்டோவில் நேரே ஏறுகிறவர்களின் கண்ணில் அது படுவதில்லை. வாசலுக்கு வெளியே இறங்கி நடவுங்கள். எழுத்து நன்றாகத் தேய்ந்துவிட்டது. உச்சி வெயிலில் வெறுங்கல் போலத்தான் இருக்கும். கைபேசி விளக்கைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். நேருக்கு நேர் பிளாஷ் அடித்தால் அந்த நிழலே அழிந்துபோகும். சோக்கட்டி, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். அது கல்லையும் கெடுக்கும், தொல்பொருட் சட்டப்படி குற்றமும் ஆகும்.

கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்த மன்னனைச் சொல்லும் ‘முன்னே குளக்கோட்டன்’ வெண்பா அந்தக் கல்லில் முழுதாக இருப்பதாகப் பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். இருப்பது சிதைந்த சில வரிகள். மிச்சம் வாய்வழியும் ஏட்டுவழியும் வந்தது. பிள்ளைகளுக்கு இரண்டையும் பிரித்தே சொல்லுங்கள்.

அங்கிருந்து கடல்சார், கடற்படை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஓட்டோவில் கொஞ்ச நேரந்தான். ஒல்லாந்தரின் (டச்சுக்காரரின்) கடற்படை ஆணையாளர் குடியிருந்த வீடு அது. நெதர்லாந்து அரசின் உதவியோடு திருத்தி 2013இல் திறந்தார்கள். உள்ளே போகமுன் வெளியே நின்று கட்டடத்தைப் பாருங்கள். என்னைக் கேட்டால் அங்குள்ள முதல் காட்சிப்பொருளே அந்த வீடுதான். ஒல்லாந்தர் காலத்துச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் ஆனவை. உள்ளே ஊறும் ஈரம் அதன் வழியே வெளியேறும். மேலே சீமெந்து பூசினால் ஈரமும் கடலுப்பும் உள்ளே அடைபட்டுப் பூச்சு பொரிந்து உதிரும். ஊரில் பழைய வீடு திருத்துகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

பிள்ளைகள் குழம்புவது ஆண்டுகளில்தான். ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: 1622 போர்த்துக்கேயர் கோயிலை இடித்தது, 1639 ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தது, 1795 ஆங்கிலேயர் கைக்கு வந்தது, 1803 பிரெட்ரிக் என்று பெயர் வைத்தது. 1782ஐத் தனியாக எழுதுங்கள். அந்த ஒரே வருடத்தில் ஜனவரியில் ஆங்கிலேயரும் ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரரும் கோட்டையைப் பிடித்தார்கள். அடுத்த வருட உடன்படிக்கையால் திரும்பவும் ஒல்லாந்தருக்கே போனது.

போயா (பௌர்ணமி விடுமுறை), அரச விடுமுறை நாட்களில் அருங்காட்சியகம் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஹூட்ஸ் டவர் அருங்காட்சியகம் கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் நினைத்தவுடன் போக முடியாது. அனுமதியை முதலே விசாரித்து, எல்லோருடைய கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டையையும் கையில் வைத்திருங்கள். கோட்டைக்குள்ளும் இராணுவம் இருக்கிறது. மான்களைப் படம் எடுக்கலாம், முகாம் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம்.