புயல் ஆளாக்கியதா, பட்டா ஆளாக்கியதா?

தோப்புக்காரன் (பேராவூரணி):
உன்னை ஆளாக்கிய சம்பவம் எது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். 2018 நவம்பர் 16, கஜா புயல்.

அப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். வேதாரண்யம் பக்கம் புயல் கரையேறியபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. அப்புறம் வீட்டுக்குப் போன் போகவில்லை. மறுநாள் பட்டுக்கோட்டை வரை எப்படியோ வந்துவிட்டேன். அதற்கு மேல் ரோடு முழுக்க மரம், கம்பம், ஒயர். கொஞ்சம் நடை, கொஞ்சம் யாரோ ஒருவரின் பைக். தோப்புக்குள் நுழைந்ததும் எனக்குப் பிடிபடாமல் போனது வெளிச்சம்தான். அப்பா கல்யாணத்துக்கு முன்னால் வைத்த தோப்பு அது. அதற்குள் அவ்வளவு வெயில் விழுந்து நான் பார்த்ததே இல்லை. அப்பா எதுவும் பேசவில்லை. விழுந்து கிடந்த மரத்திலிருந்து ஓர் இளநீரை வெட்டி என் கையில் கொடுத்தார்.

நான் சென்னைக்குத் திரும்பவில்லை. மரம் எண்ண வந்தவர்களோடு சுற்றினேன். சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல் என்று ஊரில் பலருக்கு மனு எழுதிக் கொடுத்தேன். விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்த ஆள் கிடைக்கவில்லை. மட்கிய தண்டுகளில் காண்டாமிருக வண்டு பெருகி, தப்பித்து நின்ற மரங்களின் குருத்தையும் குடைய ஆரம்பித்தது. இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது, வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு கலந்து குருத்து இடுக்கில் போடுவது எல்லாம் அப்போது கற்றுக்கொண்டதுதான். இன்றைக்குத் தென்னைக்கு நடுவில் வாழை, கோகோ, எலுமிச்சை என்று கலந்து வைத்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் பேசக் கூசியவன், விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மைக் பிடிக்கிறேன். அந்தப் புயல் வராமல் போயிருந்தால் நான் இன்னமும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

கீழத்தெரு_மகன்:
அண்ணே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களை ஆளாக்கியது புயல் இல்லை, பட்டா.

நானும் அதே சுற்றுவட்டாரம்தான், அதே ராத்திரிதான். என் அம்மா கீற்று முடைகிறவர். தோப்புகளில் மட்டை எடுத்து, ஊறப்போட்டு, முடைந்து, கட்டுக் கட்டாக விற்றுத்தான் எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தார். அரசாங்கம் விழுந்த தென்னைக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக மரத்துக்கு 1,100 என்று அறிவித்தது. ஏக்கருக்கு எழுபது மரம் என்றால் 77,000. அது போதாது, முப்பது வருஷ மரத்துக்கு அது ஒரு விலையே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கில் உங்கள் அப்பா பேர் இருந்தது. அந்த மரத்து மட்டையை நம்பியிருந்தவர்களின் பேர் எந்தப் பட்டியலில் இருந்தது? எங்களுக்கு 27 பொருள் போட்ட நிவாரணப் பை வந்தது. போர்வை, பாய், அரிசி. அதோடு சரி.

புதுத் தென்னம்பிள்ளை காய்க்க, நெட்டை ரகம் என்றால் ஆறேழு வருஷம் ஆகும். உங்களால் அதுவரை காத்திருக்க முடிந்தது. என் தங்கை ப்ளஸ் டூ முடித்து நர்சிங் சேர முன்பணம் கட்டியிருந்தாள். அவள் ஸ்பின்னிங் மில்லுக்குப் போனாள், நான் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்தேன். எங்களையும் கஜா மாற்றத்தான் செய்தது. அதைச் சொல்லி யாரும் எங்களுக்கு மைக் கொடுக்கவில்லை.

தோப்புக்காரன் (பேராவூரணி):
தம்பி, நிலம் இருந்ததால் தாக்குப்பிடித்தேன் என்பதை நான் எங்கே மறுத்தேன்? ஆனால் நிலம்தான் எல்லாம் என்றால் இதற்குப் பதில் சொல். எனக்கு ஓர் அண்ணன். அதே அப்பா, அதே தோப்பு, அதே பட்டாவில் பங்கு. அவர் புயலைப் பார்த்துவிட்டு "இந்த மண்ணே வேண்டாம்" என்று சிங்கப்பூர் போனார். இன்று வரை தோப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். எங்கள் பக்கத்துத் தோப்புக்காரருக்கு எங்களைவிட மூன்று மடங்கு நிலம், அவர் விற்றே விட்டார். ஆக நிலம் வைத்திருந்தவர்களே மூன்று விதமாகப் போயிருக்கிறோம். மீதி எங்கிருந்து வந்தது? ஒவ்வொருவருக்கும் அந்த ராத்திரி என்ன செய்ததோ அதிலிருந்துதான்.

கீழத்தெரு_மகன்:
இருக்கலாமா, போகலாமா, விற்கலாமா என்று மூன்று வழி உங்கள் மூன்று பேருக்கும் இருந்தது. அண்ணன் சிங்கப்பூர் போக ஏஜென்டுக்குக் கட்டிய பணம் எதை வைத்து வாங்கியது? எங்களுக்கு ஒரே வழி, பஸ் ஏறுவது. யோசிக்க நேரம் இருந்தவர்களுக்குத்தான் "அது என்னை மாற்றியது" என்ற கதை கிடைக்கும்.

வேதை_உப்பு:
புயல் கரையேறிய ஊர்க்காரன் நான். எங்கள் உப்பளத்தில் கடல் கொண்டுவந்து கொட்டிய சேற்றை அள்ளியதில் நான் ஆளானேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். இடுப்பு வலிதான் ஞாபகம் வருகிறது.

டீச்சர்_மன்னை:
இரண்டு பேரும் பேசுவதில் ஒன்று விட்டுப்போகிறது. தோப்புக்காரன் தம்பி, நீங்கள் மாறியதாக நம்புகிறீர்கள். உண்மையிலேயே மாறினீர்களா என்று எப்படித் தெரியும்?

வீம்புக்குக் கேட்கவில்லை. பேரிடருக்குப் பிறகு மனிதர்கள் வளர்கிறார்கள் என்பதை உளவியலில் முப்பது வருடமாகப் பேசுகிறார்கள். டெடெஸ்கி, கால்ஹூன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1990களில் அதற்கு ஒரு கேள்வித்தாளே தயாரித்தார்கள். அதில் "இதற்குப் பிறகு நான் எவ்வளவு மாறினேன்" என்று நாமே நமக்கு மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். எந்தப் பிள்ளையாவது தன் விடைத்தாளைத் தானே திருத்தினால் என்ன மார்க் வரும் என்று எனக்குத் தெரியும். 2009இல் வேறு சிலர், கல்லூரி மாணவர்களைக் கஷ்டமான சம்பவத்துக்கு முன்பும் பின்பும் அளந்து பார்த்தார்கள். வளர்ந்துவிட்டேன் என்று அவர்கள் சொன்னதற்கும் அளவில் தெரிந்த மாற்றத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று அர்த்தமில்லை. பட்ட கஷ்டம் வீண் என்று நினைத்துக்கொண்டு யாராலும் நாளை ஓட்ட முடியாது. அதற்கு ஒரு பலன் எழுதிக்கொள்கிறோம்.

தோப்புக்காரன் (பேராவூரணி):
டீச்சர், என் தோப்பில் இருக்கும் கோகோ மரம் நான் எழுதிக்கொண்டது இல்லை. நேரில் வந்து எண்ணிக்கொள்ளலாம்.

டீச்சர்_மன்னை:
வருகிறேன். ஆனால் கோகோ உங்கள் பக்கம் கஜாவுக்கு முன்பே வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுங்கள். சும்மா கேட்கிறேன், சென்னையில் அந்த இரவு ஷிப்ட் வேலை பிடித்திருந்ததா? ஊருக்கு வந்துவிடலாமா என்று அதற்கு முன்னால் நினைத்ததே இல்லையா?

தோப்புக்காரன் (பேராவூரணி):
நினைக்காமல் என்ன. மாதம் ஒரு தடவை நினைப்பேன். நினைப்பதும் வருவதும் ஒன்றா?

பழைய_கணக்குப்பிள்ளை:
நடுவில் நுழைகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் திருத்துறைப்பூண்டிக்காரன். எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

எங்கள் ஊரில் புயல் என்றாலே பெரியவர்கள் 1952 நவம்பர் கடைசியில் அடித்ததைத்தான் சொல்வார்கள். என் அப்பா ஒரு மிராசுதார் வீட்டில் பண்ணையாள். அந்தப் புயலில் கூரை போனது, மாடு செத்தது, குளத்துக் கரையில் பிள்ளைகளோடு விடியும்வரை உட்கார்ந்திருந்தாராம். இதையெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா வாயால் நான் புயல் கதை கேட்டதில்லை. அவர் அதே 1952ஐப் பற்றி வேறொன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். அந்த ஆகஸ்டில் தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்று சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. ராஜாஜி அப்போது முதலமைச்சர். நினைத்த நேரத்தில் பண்ணையாளைப் போ என்று விரட்ட முடியாது என்று காகிதத்தில் வந்துவிட்டது. எல்லா ஊரிலும் அது உடனே நடந்துவிடவில்லை. சட்டத்துக்கு முன்பே ஆட்களை வெளியேற்றிய பண்ணைகளும் உண்டு. ஆனாலும் அப்பாவின் கணக்கில் தான் மனுஷனானது அந்த ஆகஸ்டில்தான். மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்த முதல் நாளை அவர் சொல்லும்போது நாங்கள் சிரிப்போம், அவர் சிரிக்க மாட்டார்.

மிராசுதார் வீட்டுப் பிள்ளை என்னோடு படித்தவர். அவர் வீட்டில் 1952 என்றால் புயல் மட்டும்தான். எத்தனை மா நிலத்துப் பயிர் போனது, எந்த நெல் பத்தாயம் நனைந்தது, தாத்தா எப்படி மீண்டும் தலையெடுத்தார் என்று விடிய விடியச் சொல்வார்கள். ஒரே ஊர், ஒரே வருஷம்.

கீழத்தெரு_மகன்:
ஐயா, நான் சொல்ல வந்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

பழைய_கணக்குப்பிள்ளை:
முழுக்க இல்லை, தம்பி. நீ சொல்வதுபோல் நிலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால், நிலமே இல்லாத என் அப்பா எப்படி மாறினார்? அந்தச் சட்டத்தில் அவருக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடைக்கவில்லை. ஏதோ ஒன்று அவருக்குள் நடந்தது. அதை நீ பட்டாக் கணக்கில் அடைக்க முடியாது.

கீழத்தெரு_மகன்:
நிலம் கிடைக்கவில்லை, சரி. விரட்டப்பட மாட்டோம் என்ற நிச்சயம் கிடைத்தது இல்லையா? நான் கேட்பதும் அதுதான். கால் ஊன்ற இடம் கிடைத்த பிறகுதான் மனசு மாறும். கஜா எங்களிடமிருந்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதைப் போய் என்னை ஆளாக்கியது என்று எப்படிப் பேர் வைப்பது?

தோப்புக்காரன் (பேராவூரணி):
நான் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்து ஊர்த் தொட்டியை நிரப்பினோம். எங்கள் தோப்பில் பெரிய அண்டா வைத்துச் சமைத்தோம். மேலத்தெரு கீழத்தெரு என்று யாரும் பார்க்கவில்லை. என் அம்மாவும் கீற்று முடையும் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து காய் நறுக்கினார்கள். நான் பிறந்ததிலிருந்து அந்தக் காட்சியைப் பார்த்ததில்லை. என்னை மாற்றியதில் பாதி அதுதான்.

கீழத்தெரு_மகன்:
அந்தச் சாப்பாட்டை நானும் சாப்பிட்டிருக்கிறேன். கரண்ட் வந்த அன்றைக்கு அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தார்கள். அதற்கப்புறம் உங்கள் வீட்டுத் திண்ணை தாண்டி என் அம்மா எத்தனை தடவை உள்ளே வந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

வேதை_உப்பு:
சுருக்கென்று இருக்கிறது.

டீச்சர்_மன்னை:
இதை நான் பள்ளிக்கூடத்திலும் பார்த்தேன். முகாமில் ஒரே பாயில் படுத்த பிள்ளைகள் பள்ளி திறந்ததும் பழைய வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். எல்லாரும் இல்லை. இரண்டு மூன்று சிநேகிதம் மட்டும் பிரியவில்லை, இன்று வரை தொடர்கிறது. எதனால் அவை நின்றன என்று எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தால் நான் வகுப்பில் அதைத்தான் நடத்தியிருப்பேன்.

தோப்புக்காரன், கீழத்தெரு கேட்டதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

தோப்புக்காரன் (பேராவூரணி):
திண்ணை விஷயம் என் கையில் மட்டும் இல்லை டீச்சர். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். இதைச் சாக்கு என்று சொல்வீர்கள், சொல்லுங்கள்.

ஆனால் தம்பி, புயல் எனக்குக் கொடுத்ததை நான் திருப்பிக் கொடுத்துவிட முடியாது. எனக்கு நடந்தது எனக்கு நடந்ததுதான். உனக்கு நேர்ந்ததால் அது பொய்யாகிவிடாது. மனு எழுதிக் கொடுத்தேன் என்று மேலே சொன்னேனே, அதில் குத்தகைக்காரர்களும் கோயில் நிலத்தில் சாகுபடி செய்தவர்களும் இருந்தார்கள். பட்டா வேறொருவர் பேரில் இருந்ததால் அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தபிறகுதான் இன்றைக்கும் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நிற்கிறேன். சென்னையில் இருந்திருந்தால் அது எனக்குத் தெரிந்திருக்குமா?

கீழத்தெரு_மகன்:
முதல் பதிவில் வண்டைப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள். குத்தகைக்காரரைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

பழைய_கணக்குப்பிள்ளை:
அம்மா இப்போது என்ன செய்கிறார், தம்பி?

கீழத்தெரு_மகன்:
நூறு நாள் வேலைக்குப் போகிறார், ஐயா. மிச்ச நாளில் கிடைத்தால் கீற்று. கஜாவுக்கப்புறம் நிறையப் பேர் கூரையைப் பிரித்துத் தகரம் போட்டுவிட்டார்கள், கேட்பவர் குறைந்துவிட்டார்கள். மட்டைக்கும் இப்போது தோப்புக்காரர்கள் விலை வைக்கிறார்கள்.

தோப்புக்காரன் (பேராவூரணி):
பந்தல்காரர்கள் இன்னமும் கேட்கிறார்கள், போன வாரம்கூட ஒருவர் கேட்டார். என் தோப்பு மட்டையை அம்மா எடுத்துக்கொள்ளட்டும். காசு வேண்டாம்.

கீழத்தெரு_மகன்:
வாய்வார்த்தையாகவா? நாளைக்கு உங்கள் அண்ணன் வந்து பங்கு பிரித்தால்?

தோப்புக்காரன் (பேராவூரணி):
மட்டைக்கு யாரும் பத்திரம் எழுதி நான் பார்த்ததில்லை. சரி, எழுதித் தருகிறேன். எத்தனை வருஷத்துக்கு என்று அவரையே சொல்லச் சொல்.

கீழத்தெரு_மகன்:
கேட்டுப் பார்க்கிறேன். சரி என்று சொல்வார் என எனக்குத் தோன்றவில்லை. இலவசமாக வாங்கினால் அப்புறம் உங்கள் வீட்டு வேலைக்குக் கூப்பிடும்போது மறுக்க முடியாது என்பார். கட்டுக்கு இவ்வளவு என்று விலை போடுங்கள், அப்போது பேசலாம்.