நாய்க்குட்டி எதையாவது விழுங்கினால்: எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

ஷைனி, காலை 8:05
பினு அண்ணே, போன் பக்கத்தில் இருக்கிறீர்களா? பிளாக்கி ஒட்டுப்பாலை (மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பால்) விழுங்கிவிட்டது. ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின் பக்கம் சாக்கில் போட்டு வைத்திருந்தது. கவ்வியதைப் பார்த்து அபி விரட்டினான். அதற்குள் மடக்கென்று உள்ளே போய்விட்டது.

லீலா பெரியம்மா
ஐயோ மக்களே! உப்புத் தண்ணி கலக்கி வாயில் ஊற்று. வாந்தியில் வந்துவிடும்.

ராஜன் மாமா
உப்பு வேண்டாம் அக்கா. விளக்கெண்ணெய் ஒரு கரண்டி கொடுத்தால் கீழே இறங்கிவிடும்.

பினு
இரண்டுமே வேண்டாம். ஷைனி, வாயில் எதையும் ஊற்றாதே, சாப்பாடும் கொடுக்காதே. எப்போது விழுங்கியது? எவ்வளவு பெரிய துண்டு? மூச்சு ஒழுங்காக இருக்கிறதா?

ஷைனி
கால் மணி நேரம்தான் ஆகிறது அண்ணே. பெருவிரல் அளவில் இரண்டு துண்டு இருக்கும். மூச்சு நன்றாக இருக்கிறது. வாலை ஆட்டிக்கொண்டு இன்னும் அந்தச் சாக்கையே பார்த்து நிற்கிறது.

பினு
பக்கத்தில் ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட் இருந்ததா? அதை நக்கியிருக்குமா?

ஷைனி
இல்லை, ஆசிட் கேன் பரண் மேல் இருக்கிறது.

பினு
அப்படியானால் இப்போதே கிளம்பு. விழுங்கி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் என்றால் பொருள் பெரும்பாலும் இரைப்பையிலேயே இருக்கும். டாக்டர் மருந்து கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம். குடலுக்குள் இறங்கி அடைத்துக்கொண்டால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டிவரும். அதே ஒட்டுப்பாலில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டு. இரும்பும் எலும்பும் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். ரப்பர், துணி, பிளாஸ்டிக் எல்லாம் தெரியாமலே போகலாம்.

ஷைனி
சரி அண்ணே. ஆட்டோ வந்துவிட்டது.

பினு
அம்மா, உப்புத் தண்ணி விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், எல்லாரும் படிக்கட்டும். அவ்வளவு சின்னக் குட்டிக்கு உப்பு கரைத்து ஊற்றி, வாந்தி வராமல் உள்ளேயே தங்கிவிட்டால் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரும். விழுங்கிய பொருளைவிட உப்பே உயிரை எடுத்துவிடும். எண்ணெயை வலுக்கட்டாயமாக ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகலாம். இன்னொன்று, ஆசிட், மண்ணெண்ணெய், ஊசி, பிளேடு போன்றவை உள்ளே போயிருந்தால் வாந்தி எடுக்கவே வைக்கக் கூடாது. போனது மாதிரியே திரும்ப வரும்போதும் தொண்டையைப் புண்ணாக்கும், மண்ணெண்ணெய் என்றால் நுரையீரலுக்குள் போகலாம்.

லீலா பெரியம்மா
அப்படியா மக்களே. சரி, இனி யாருக்கும் சொல்லமாட்டேன். பிள்ளை பத்திரமாக வரட்டும்.

ஆஷா மைனி
இங்கே குளச்சலில் வேறு கதை. பக்கத்து வீட்டு நாய் சாளை மீன் தலையோடு தூண்டில் முள்ளையும் சேர்த்து விழுங்கிவிட்டது. தூண்டில் நரம்பு (நைலான் இழை) வாய்க்கு வெளியே தொங்கியது. இழுக்கப் போனார்கள், நான் விடவில்லை. அது சரிதானே அண்ணே?

பினு
ரொம்பச் சரி மைனி. இழுத்தால் முள் போகிற வழியெல்லாம் கிழிக்கும். வெளியே தெரிகிற நரம்பை ஒட்ட வெட்டவும் கூடாது, டாக்டருக்கு அதுதான் பிடி. கழுத்துப் பட்டையில் தளர்வாகக் கட்டிவிட்டு அப்படியே கொண்டுபோக வேண்டும். நூல், சேலைக் கரை இழை, ரிப்பன் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். பின்பக்கம் தொங்கினாலும் இழுக்காதீர்கள். இன்னொரு முனை குடலுக்குள் எங்கேயாவது சிக்கியிருந்தால் குடல் சுருங்கிக் கிழிந்துவிடும்.

ஷைனி, காலை 10:40
வந்துவிட்டோம். ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தது. ஒட்டுப்பால் இரண்டு துண்டும் வந்துவிட்டது. அதில் ஒன்றில் காய்ந்த ரப்பர் இலை ஒட்டியிருந்தது. கூடவே அபியின் ஸ்கூல் சாக்ஸின் எலாஸ்டிக்கும் வந்தது, அதை எப்போது விழுங்கியதென்றே தெரியவில்லை. சாயங்காலம் வரை வெறும் வயிறு, அப்புறம் கொஞ்சம் கஞ்சி கொடுக்கச் சொன்னார்கள்.

லீலா பெரியம்மா
ஆண்டவருக்கு நன்றி 🙏🏽

ராஜன் மாமா
சந்தோஷம். ஆனால் ஷைனி, இப்போதே ரெண்டு அடி வைத்துப் பழக்கு. எங்கள் காலத்தில் அப்படித்தான் பழக்கினோம்.

ஷைனி
அம்மா போனில் அபி எழுதுகிறேன். பினு மாமா, சும்மா கவ்விக்கொண்டு நிற்கும்போது பிளாக்கி விழுங்கவில்லை. நான் ஓடினதும்தான் விழுங்கியது. ஏன்?

பினு
அபி, நீ கண்ணால் பார்த்ததுதான் முக்கியமான விஷயம். குட்டியின் கணக்கு இது: ஆள் ஓடி வந்தால் வாயில் இருப்பதைப் பறித்துவிடுவார்கள். பறிக்க முடியாத ஒரே இடம் வயிறு. அதனால் நாம் எவ்வளவு வேகமாக ஓடுகிறோமோ அவ்வளவு வேகமாக அது விழுங்கும். ராஜன் மாமா, அடியும் இதைத்தான் கற்றுக்கொடுக்கும். எடுக்கக் கூடாது என்று அதற்குப் புரியாது, ஆளைக் கண்டால் சட்டென்று விழுங்கிவிட வேண்டும் என்றுதான் புரியும். அடுத்த தடவை கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் விழுங்கும். நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அதற்கு இப்போது மூன்று மாதம். பால் பல் 28 இருக்கும், நான்காவது மாதத்திலிருந்து அது விழ ஆரம்பித்து ஆறு ஏழு மாதத்துக்குள் 42 பல் வந்துவிடும். அதுவரை ஈறு குறுகுறுக்கும், எதையாவது கடித்தே தீரும். கடிப்பதை நிறுத்த முடியாது. எதைக் கடிக்கலாம் என்பதையும், கேட்டால் கொடுத்துவிடுவதையும் பழக்கலாம்.

ஷைனி
அபிதான். எப்படிப் பழக்குவது மாமா?

பினு
நாளைக்கு ஆரம்பி, இன்றைக்கு அது ஓய்வெடுக்கட்டும். அவித்த கோழியை எலும்பில்லாமல் நகத்தளவு பிய்த்து வைத்துக்கொள். முதலில் ஆபத்தில்லாத ஒன்றை, பழைய பந்தை, அதன் வாயில் கொடு. ஓடாதே, கத்தாதே. பக்கத்தில் உட்கார்ந்து கோழித் துண்டை மூக்கின் முன் நீட்டு. பந்தைக் கீழே போட்ட அந்த நொடியில் “விடு” என்று ஒரே ஒரு தடவை சொல்லிக் கோழியைக் கொடு. அது தின்னும்போது பந்தை எடுத்துக்கொள், தின்று முடித்ததும் பந்தைத் திருப்பிக் கொடு. திருப்பிக் கொடுப்பதை விட்டுவிடாதே. வாயில் இருப்பதைக் கொடுத்தால் நஷ்டமில்லை, லாபம்தான் என்று அது நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை வந்த பிறகுதான், நிஜமாகவே ஆபத்தான பொருளை எடுக்கும் அன்று “விடு” வேலை செய்யும்.

கீழே கிடப்பதை எடுக்காமல் இருக்க இன்னொன்று. மூடிய கைக்குள் பிஸ்கட்டை வைத்து நீட்டு. நக்கும், பிராண்டும், குரைக்கும். கையைத் திறக்காதே. அதுவாகவே மூக்கைப் பின்னால் இழுத்ததும் “வேண்டாம்” என்று சொல்லி மற்றக் கையிலிருந்து கோழியைக் கொடு. அந்தக் கைக்குள் இருக்கும் பிஸ்கட்டை மட்டும் கொடுக்கவே கூடாது.

ஆஷா மைனி
கடிக்க என்ன கொடுக்கலாம் அண்ணே? எங்கள் வீட்டில் கதம்பையைத்தான் (தேங்காய் மட்டை) போடுவோம்.

பினு
கதம்பை வேண்டாம் மைனி, நார் உருண்டையாகி உள்ளே அடைக்கும். நாய்க்கென்று வரும் கெட்டி ரப்பர் பொம்மை நல்லது, நடுவில் ஓட்டை உள்ளது. அதற்குள் தயிர்ச்சோறைத் திணித்துக் கொடுத்தால் நெடுநேரம் நக்கிக்கொண்டு கிடக்கும். முழுதாக வாய்க்குள் போகாத அளவு பார்த்து வாங்குங்கள். நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பதிய வேண்டும், பதியாவிட்டால் பல் உடையும். சமைத்த கோழி எலும்பு எந்த நாய்க்கும் கூடாது. குத்தூசி மாதிரி பிளந்து போகும்.

ராஜன் மாமா
அடியைப் பற்றி நீ சொன்னது யோசிக்க வைக்கிறது. எங்கள் டைகர் கடைசி வரை என் கையில் எதையும் கொடுத்ததில்லை, என்னைக் கண்டாலே எடுத்துக்கொண்டு ஓடும். இன்னொன்று கேட்கிறேன். பிளாக்கி மண்ணும் தின்கிறது, போன வாரம் நான் பார்த்தேன்.

பினு
அதைச் சொன்னது நல்லது மாமா. வயிற்றில் பூச்சி இருக்கலாம், ரத்தச் சோகை இருக்கலாம், சாப்பாடு போதாமலும் இருக்கலாம். பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். குட்டியின் உருண்டைப் புழு பிள்ளைகளுக்கும் வரும், அதனால் அபி கை கழுவாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது. சாப்பாட்டை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடு ஷைனி. நாள் முழுக்கக் கட்டிப்போட்டு வைத்தாலும் சலிப்பில் கிடைத்ததையெல்லாம் தின்னும்.

ஷைனி
இப்போது நானே. வீட்டைச் சுற்றி என்னென்ன பார்க்க வேண்டும் அண்ணே? இன்றைக்கே எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுகிறேன்.

பினு
நம் ஊரில் தோட்டமே பெரிய ஆபத்து. பச்சை அண்டித் (முந்திரிக்கொட்டை) தோட்டில் உள்ள எண்ணெய் வாயைச் சுட்டுப் புண்ணாக்கும். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) உரித்த தோலைக் கூட்டி அள்ளிவிடு, பச்சைத் தோலில் விஷம் அதிகம். அரளி, சிவப்பானாலும் மஞ்சளானாலும், இதயத்தை நிறுத்திவிடும். மாங்கொட்டையும் சக்கைக்கொட்டையும் (பலாக்கொட்டை) குடலில் அடைக்கும், இது அதற்கான சீசன் வேறு. வீட்டுக்குள் ரிமோட்டின் பட்டன் பேட்டரி, பெரியம்மாவின் மூட்டுவலி மாத்திரை, பாரசிட்டமால், வெங்காயம், சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம்.

எலிக்கேக்கை (எலி விஷம்) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தின்ற அன்று குட்டி ஜோராக ஓடி விளையாடும். சில வகை மருந்தில் ரத்தம் உறைவது நின்றுபோய் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ஈறிலும் மலத்திலும் ரத்தம் தெரியும். நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். தின்றது தெரிந்த உடனே, எலிக்கேக் வந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் சிகிச்சை. ரத்தம் உறையாத வகைக்கு வைட்டமின் கே இருக்கிறது, காப்பாற்றிவிடலாம்.

லீலா பெரியம்மா
கிறிஸ்துமஸ் கேக் கொடுக்கலாமா? பிள்ளைகள் எல்லாரும் கொடுப்பார்கள்.

பினு
கூடாது அம்மா. அதில் இருக்கும் உலர் திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எந்த நாய்க்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஷைனி
விழுங்கினதை நான் பார்க்கவே இல்லை என்றால்?

பினு
திரும்பத் திரும்ப வாந்தி, தண்ணீர்கூடத் தங்காதது, சாப்பாட்டைப் பார்த்து முகத்தைத் திருப்புவது, மலம் போகாமல் முக்குவது, முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பது. இதில் எது தெரிந்தாலும் நாளை பார்க்கலாம் என்று விடாதே. வாந்தியோடு ரத்த பேதியும் போனால் பார்வோ என்ற வைரஸ் நோயாகவும் இருக்கலாம், அதற்கும் அன்றே போக வேண்டும்.

ஷைனி, மறுநாள் மாலை 5:30
அபி எழுதுகிறேன். முதல் தடவை பந்தைக் கவ்வியபடியே கோழியை மோந்தது. மூக்கு மட்டும் துடித்தது, வாய் திறக்கவில்லை. நான் அசையாமல் இருந்தேன். அப்புறம் வாய் ஓரமாக எச்சில் வடிந்து, தாடை தளர்ந்து, பந்து உருண்டு என் காலில் முட்டியது. “விடு” சொல்லிக் கொடுத்துவிட்டேன். பந்தைத் திருப்பிக் கொடுத்ததும் என் முகத்தையே பார்த்தது. அப்புறம் அதுவாகவே பந்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டது மாமா!

பினு
சபாஷ் அபி! இன்றைக்கு இதோடு நிறுத்து, அதற்கு ஆசை இருக்கும்போதே முடிக்க வேண்டும். நாளைக்குப் பந்துக்குப் பதில் பழைய செருப்பு.

ராஜன் மாமா
ஷைனி, மெஷின் புரைக்குக் (கொட்டகை) கதவில்லாமல் இருப்பது சரியில்லை. என்னிடம் கம்பி வலை போட்ட பழைய கதவு ஒன்று சும்மா கிடக்கிறது. வாசல் அகலத்தை அளந்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆசாரியோடு வருகிறேன்.

ஷைனி
சரி மாமா, அளந்து அனுப்புகிறேன். அடியில் இடைவெளி இல்லாமல் வைக்க வேண்டும், இவன் தோண்டுவான்.