மார்மன் சபையார் தங்கள் மார்க்கம் மெய்யென்று எவ்வாறு முடிவு செய்கிறார்கள்?

கொங்குவாசகன் (வினா)

அனைவருக்கும் வணக்கம். பணியின் நிமித்தம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் குடியிருக்கிறேன். இங்கே அக்கம்பக்கத்தில் பெரும்பாலானோர் மார்மன்கள் என்று ஊரார் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். மாதத்தின் முதல் ஞாயிறன்று இரண்டு வேளை உணவைத் தவிர்த்து உபவாசமிருந்து அவர்கள் கூடும் ஆராதனைக்கு, அண்டை வீட்டார் அழைத்ததன் பேரில் சென்றிருந்தேன். அன்று ஏற்பாடு செய்யப்பட்ட பிரசங்கம் எதுவும் இல்லை. மனம் ஏவப்பட்டவர் எவராயினும் எழுந்துபோய் ஒலிபெருக்கியின் முன் நின்று சாட்சி சொல்லலாம். முதியவர் ஒருவர் மனைவியை இழந்த துயரத்தினூடே பேசினார். பிறகு ஒரு சிறுமி, தாய் காதோடு சொல்லிக்கொடுக்க, அதையே திருப்பிச் சொன்னாள். பேசிய அனைவரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தில்தான் முடித்தார்கள்: "இந்தச் சபை மெய்யானது என்று நான் அறிவேன்."

என் ஐயம் இதுதான். இந்த மார்க்கம் வெறும் ஒழுக்க போதனையின் மீது நிற்கவில்லை. ஸ்தாபகர் ஜோசப் ஸ்மித்துக்குத் தேவதூதன் காட்டியதாகச் சொல்லப்படும் பொற்தகடுகள், அவற்றிலிருந்து அவர் மொழிபெயர்த்ததாகக் கூறும் மார்மன் புத்தகம், அது சொல்லும் பழங்கால அமெரிக்க மக்களின் வரலாறு என்று நடந்ததா இல்லையா எனக் கேட்கத்தக்க செய்திகளின் மீது நிற்கிறது. 2003ஆம் ஆண்டு ஏப்ரலில் அன்றைய சபைத் தலைவர் கோர்டன் ஹிங்க்லி, சபை மெய்யாக இருக்க வேண்டும், இல்லையேல் மோசடியாக இருக்க வேண்டும், நடுவில் வேறு இடமில்லை என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். அப்படியிருக்க, நடந்த ஒன்றை நெஞ்சில் எழும் உணர்வைக் கொண்டு எப்படி உறுதி செய்ய இயலும்? இழிவுபடுத்தும் நோக்கம் எனக்குச் சிறிதும் இல்லை. நான் அறிந்த இம்மக்கள் நேர்மையானவர்கள். ஆகவேதான் அவர்கள் எந்த வழியில் இந்த உறுதிக்கு வருகிறார்கள் என்று உண்மையாகவே அறிய விரும்புகிறேன்.

மலர்விழி

நான் இந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவள் என்பதால், உள்ளிருந்து தெரிவதைச் சொல்கிறேன். எங்கள் மார்க்கத்தின் தொடக்கமே ஒரு கேள்விதான். நியூயார்க் மாநிலத்தின் பல்மைரா பகுதியில் மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் சபைகள் ஆள் சேர்ப்பதில் போட்டியிட்ட காலத்தில், எது சரியென்று தெரியாமல் தவித்த ஜோசப் ஸ்மித் என்னும் சிறுவர் யாக்கோபு 1:5 வசனத்தை வாசித்தார்: "உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால்... தேவனிடத்தில் கேட்கக்கடவன், அப்பொழுது அவனுக்குக் கொடுக்கப்படும்." 1820ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில் அவர் தோப்புக்குள் சென்று கேட்டார், பதில் பெற்றார் என்பது எங்கள் விசுவாசம். ஆகவே கேட்டுப் பதில் பெறுவது எங்களுக்குப் பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்ட பழக்கமன்று. ஸ்தாபகர் நடந்த வழியிலேயே ஒவ்வொரு விசுவாசியும் நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

1830இல் அச்சான மார்மன் புத்தகத்தின் இறுதியில், மரோனி 10ஆம் அதிகாரத்தில், இந்தச் சோதனை எழுதப்பட்டிருக்கிறது. வாசித்து, தேவன் மனிதருக்குக் காட்டிய இரக்கத்தை நினைத்துப் பார்த்து, உண்மையான இருதயத்தோடும் மெய்யான நோக்கத்தோடும் கிறிஸ்துவில் விசுவாசத்தோடும் கேட்டால், பரிசுத்த ஆவியின் வல்லமையால் மெய் வெளிப்படுத்தப்படும் என்கிறது அப்பகுதி. எங்கள் சுவிசேஷ ஊழியர்கள் புதியவரிடம் புத்தகத்தைக் கொடுக்கும்போது பெரும்பாலும் அந்த வசனங்களைக் காட்டிவிட்டுத்தான் போவார்கள்.

பதில் எப்படி வரும் என்பதற்கு ஸ்மித் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பை எழுதிய ஆலிவர் கௌட்ரிக்கு 1829 ஏப்ரலில் கொடுக்கப்பட்ட வெளிப்பாட்டைக் காட்டுவோம். அவர் தாமும் தகடுகளை மொழிபெயர்க்க முயன்று இயலாமற்போனபோது, முதலில் மனத்தில் ஆராய்ந்து பார், பிறகு என்னிடம் கேள், சரியானதாக இருந்தால் உன் நெஞ்சு உனக்குள் எரியும், தவறானதாக இருந்தால் சிந்தனை மந்தமாகும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. எம்மாவு ஊருக்குப் போகும் வழியில் உயிர்த்தெழுந்த இயேசுவைச் சந்தித்த சீஷர்கள், "நம்முடைய இருதயம் நமக்குள்ளே கொழுந்துவிட்டு எரியவில்லையா" என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டதும் இதுவே என்று கருதுகிறோம். ஆனால் எல்லோருக்கும் அனல் போன்ற உணர்வு வருவதில்லை. எனக்கு வந்தது, பல மாதக் கலக்கத்துக்குப் பின் உண்டான அமைதியும் தெளிவும் மட்டுமே. அந்த 'எரிதல்' வெப்பமாக இருக்க வேண்டியதில்லை, ஆறுதலும் அமைதியுமாக இருக்கலாம் என்று எங்கள் சபைத் தலைவர்களுள் ஒருவரான டாலின் ஓக்ஸ் விளக்கியிருப்பது, என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

தங்கள் ஐயத்துக்கு என் பதில்: நாங்கள் உணர்வை வைத்து வரலாற்றைக் கணக்கிடுவதில்லை. நடந்ததை அறிந்த ஒருவரிடம், அதாவது தேவனிடம், கேட்கிறோம். அவர் இருக்கிறார், பேசுகிறார் என்பதை ஏற்றுக்கொண்டால், அவர் சொல்வதும் சாட்சியம்தான்.

வரலாற்று மாணவன்

சகோதரி மலர்விழி தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நான் இந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்லேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மத வரலாற்றை நெடுங்காலமாக வாசித்து வருபவன். வெளியிலிருந்து பார்ப்போர் கவனிக்கத் தவறும் ஒன்றை இங்கே எடுத்துக்காட்ட விரும்புகிறேன். 'உள்ளத்தில் கேட்ட பதிலை எப்படி நம்புவது' என்னும் கேள்வியைச் சபைக்கு எதிரானவர்கள் முதலில் எழுப்பவில்லை. சபை தோன்றிய அதே ஆண்டில், சபைக்குள்ளேயே அது எழுந்துவிட்டது.

1830 ஏப்ரல் 6 அன்று சபை அமைக்கப்பட்டது. அதே ஆண்டின் செப்டம்பருக்குள், தகடுகளைக் கண்டதாக அறிவித்த எட்டு சாட்சிகளுள் ஒருவரான ஹைரம் பேஜ், தம்மிடமிருந்த ஒரு கல்லின் வழியாகத் தமக்கும் வெளிப்பாடுகள் கிடைப்பதாக அறிவித்தார். ஆலிவர் கௌட்ரி உட்பட முக்கியமானவர்கள் அதை நம்பிவிட்டார்கள். இவர்கள் யாரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர்; ஜெபித்துப் பதில் பெறுவதில் அன்றைய சபையில் இவர்களைவிடப் பழகியவர் இல்லை எனலாம். இருந்தும் எது தேவனுடைய குரல் என்று உணர்வைக் கொண்டு பிரித்தறிய அவர்களால் இயலவில்லை. சிக்கல் எப்படித் தீர்ந்தது? முழுச் சபைக்கும் கட்டளை பெறும் உரிமை ஜோசப் ஸ்மித்துக்கு மட்டுமே உண்டு என்று ஸ்மித் வழியாகவே ஒரு வெளிப்பாடு வந்தது. பேஜின் கல் கூறியவை சாத்தானின் ஏமாற்று என்று அது தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து தனிமனிதரின் உள்ளுணர்வு, பதவியிலிருப்பவரின் வாக்குக்கு உட்பட்ட எல்லைக்குள்தான் செல்லுபடியாகிறது. நம் வாழ்வைப் பற்றி நமக்கு வெளிப்பாடு வரலாம், நம் பொறுப்பில் இருப்போரைப் பற்றியும் வரலாம், சபையைப் பற்றி வரலாகாது.

1844 ஜூன் 27 அன்று ஸ்மித் இல்லினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறையில் கொல்லப்பட்டபின் இது இன்னும் கூர்மையாயிற்று. ஆகஸ்ட் 8 அன்று நாவூ நகரில் சபையின் முன்னணியில் இருந்த சிட்னி ரிக்டனும் பிரிகம் யங்கும் சபையை நடத்தும் தத்தம் உரிமையை மக்கள் முன் வைத்தார்கள். யங் பேசியபோது அவருடைய முகமும் குரலும் ஸ்மித்தினுடையவை போல மாறின என்று பிற்காலத்தில் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஆனால் ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்பவரும் தேவதூதனால் நியமிக்கப்பட்டதாகச் சொன்னார். 1845இல் விஸ்கான்சினின் வொரீ என்னுமிடத்தில் சாட்சிகளை வைத்துத் தகடுகளைத் தோண்டி எடுக்கவும் செய்தார். தேவதூதன் தகடுகளைக் காட்டக் கண்டதாக அறிவித்த, மார்மன் புத்தகத்தின் மூன்று சாட்சிகளுள் ஒருவரும், அந்த நூலை அச்சிடத் தம் நிலத்தையே அடகு வைத்தவருமான மார்ட்டின் ஹாரிஸ் சில காலம் அவரைப் பின்பற்றி, 1846இல் அவருக்காக இங்கிலாந்துக்கே ஊழியம் செய்யப் போனார். மற்றொரு பிரிவு 1860இல் ஸ்மித்தின் மகனைத் தலைவராக ஏற்றது. எல்லாத் தரப்பிலும் ஜெபித்தவர்கள் இருந்தார்கள், பதில் பெற்றவர்களும் இருந்தார்கள்.

இதை உச்சத்துக்குக் கொண்டுசென்றவர் டேவிட் விட்மர். அவரும் மூன்று சாட்சிகளுள் ஒருவர். 1838இல் சபையைவிட்டு விலகியவர். தகடுகளைக் கண்டதைச் சாகும்வரை மறுக்காதவர். 1887இல் வெளியிட்ட சிறு நூலில் அவர் கேட்பதன் சாரம் இது: மார்மன் புத்தகத்தைப் பற்றிய என் சாட்சியை நம்புகிறீர்கள் என்றால், அதே தேவன் 1838 ஜூனில் தம் சொந்தக் குரலால் என்னோடு பேசி, இவர்களை விட்டுப் பிரிந்துபோ என்று சொன்னதையும் நம்ப வேண்டும் அல்லவா? இந்தக் கேள்விக்கு நிறைவான பதிலை நான் எந்தத் தரப்பிலும் கண்டதில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். 'நான் அறிவேன்' என்று அந்தச் சாட்சிக் கூட்டத்தில் தாங்கள் கேட்டது தனியொருவர் தனிமையில் கண்ட முடிவு மட்டுமன்று. எந்த உணர்வு பதில், எது மனமயக்கம் என்று பிரித்துப் பெயரிடக் கற்றுக்கொடுத்த ஒரு சமூகத்தின் முடிவும் அதில் கலந்திருக்கிறது. தாய் காதோடு சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும் சிறுமியில் தாங்கள் கண்டது அந்தக் கல்வியின் முதல் பாடம். சாட்சியைச் சொல்லும்போதேதான் சாட்சி கிடைக்கிறது என்று பாய்ட் பேக்கர் என்னும் அப்போஸ்தலர் வெளிப்படையாகவே போதித்திருக்கிறார்.

நெல்லைச் சபையான்

நான் சீர்திருத்த சபை மரபில் வளர்ந்தவன். எங்கள் பெரியவர்கள் இதற்கு அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் பெரோயா பட்டணத்தாரைக் காட்டுவார்கள். பவுல் சொன்னதைக் கேட்ட அவர்கள் நெஞ்சு எரிந்ததா என்று பார்க்கவில்லை. "காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை" ஆராய்ந்து பார்த்தார்கள். மரோனி 10இல் உள்ள சோதனையில் எனக்குள்ள தடை ஒன்றே. பதில் வராவிட்டால் கேட்டவரின் இருதயம் உண்மையாக இல்லை, நோக்கம் மெய்யாக இல்லை என்று சொல்லிவிட முடிகிறது. 'இல்லை' என்னும் விடையைத் தன்னுள் அனுமதிக்காத ஒரு கேள்வியை எப்படிச் சோதனை என்று ஏற்பது?

ஆயினும் வேதமே தேவவாக்கு என்பதை எதைக் கொண்டு அறிகிறோம் என்று கேட்டால், பரிசுத்த ஆவியின் உள்ளான சாட்சியால் என்றுதான் எங்கள் மரபின் முன்னோடியான கால்வின் எழுதினார். ஆகவே இதே கேள்வி எங்கள் வாசலுக்கும் வரும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

கொங்குவாசகன்

மூவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. உள்ளத்தின் பதில் ஒன்றைச் சொல்ல, ஆய்வாளர் கையில் உள்ள பொருள் நேர்மாறாக ஒன்றைச் சொன்னால், விசுவாசி என்ன செய்கிறார்?

வரலாற்று மாணவன்

அப்படி ஒரு நிகழ்வு உண்மையிலேயே நடந்திருக்கிறது. 1835இல் ஒஹாயோவின் கர்ட்லண்டுக்கு வந்த எகிப்தியப் பதப்படுத்திய உடல்களையும் பாப்பிரஸ் சுருள்களையும் சபையார் விலைக்கு வாங்கினார்கள். அவற்றிலிருந்து ஆபிரகாமின் எழுத்தை மொழிபெயர்ப்பதாக ஸ்மித் அறிவித்தார். அந்த நூல் இன்றும் அவர்களுடைய வேதத்தில் இருக்கிறது. சுருள்கள் அழிந்துவிட்டன என்றே எண்ணப்பட்டது. ஆனால் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சில துண்டுகள் இருப்பது தெரியவந்து, 1967 நவம்பரில் அவை சபையிடம் ஒப்படைக்கப்பட்டன. நூலின் முதல் படத்துக்கு மூலமான துண்டும் அவற்றுள் இருந்தது. துண்டுகள் ஒட்டப்பட்டிருந்த தாள்களின் பின்புறத்தில் ஆலய வரைபடமும் கர்ட்லண்ட் பகுதியின் நில வரைபடமும் காணப்பட்டதால், இவை ஸ்மித்திடம் இருந்தவையே என்பதில் ஐயத்துக்கு இடமில்லாமற்போயிற்று. எகிப்தியலாளர் வாசித்தபோது, ஆபிரகாமுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட, இறந்தவரோடு புதைக்கப்படும் சடங்கு நூல்கள் என்று தெரிந்தது.

சபை இதை மறைக்கவில்லை. துண்டுகளில் உள்ள எழுத்துகள் ஆபிரகாமின் நூலோடு பொருந்தவில்லை என்பதில் சபையைச் சேர்ந்த எகிப்தியலாளரும் சேராதவரும் உடன்படுகிறார்கள் என்று 2014இல் சபையே வெளியிட்ட கட்டுரை ஒப்புக்கொள்கிறது. அழிந்துபோன பகுதியில் மூலம் இருந்திருக்கலாம், பாப்பிரஸ் ஒரு தூண்டுகோலாக மட்டும் இருந்திருக்கலாம் என்ற விளக்கங்களையும் முன்வைக்கிறது. இறுதியில், நூலின் மெய்ம்மை அறிஞர்களின் விவாதத்தால் தீர்க்கப்படக் கூடியதன்று, ஆவியானவரின் சாட்சியால் அறியப்படுவது என்று முடிக்கிறது. தாங்கள் கேட்டதற்கு நேரடியான விடை அந்த முடிவுரைதான்: உள்ளத்தின் சாட்சி மேலே நிற்கிறது, ஆய்வு அதற்குக் கீழே விளக்கம் தேடுகிறது. இதைக் கண்டு விலகியவர்களும் உண்டு, இதோடு நிலைத்தவர்களும் உண்டு.

மலர்விழி

நிலைத்தவர்களில் ஒருத்தியாக நெல்லைச் சகோதரருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பதில் வராதவரின் இருதயத்தைக் குறை சொல்வது எங்கள் மத்தியில் நடப்பதுண்டு. அது தவறு, பலரைக் காயப்படுத்தியிருக்கிறது. ஆனால் மரோனி 10 மட்டுமே எங்கள் வழியன்று. மார்மன் புத்தகத்தின் ஆல்மா 32ஆம் அதிகாரம் விசுவாசத்தை விதைக்கு ஒப்பிட்டு, நட்டுப் பார், முளைத்தால் நல்ல விதையென்று அறிவாய் என்கிறது. நல்லதாக இல்லாவிட்டால் எறிந்துவிடலாம் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. 'இல்லை' என்னும் விடைக்கு அங்கே இடமிருக்கிறது. "அவருடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவனெவனோ" அவனே உபதேசத்தை அறிவான் என்று யோவான் 7ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதும் இந்த வழியையே காட்டுகிறது. தசமபாகம் கொடுப்பது, தேநீரும் காப்பியும் விடுவது, நோயாளி வீட்டுக்கு உணவு சமைத்து எடுத்துச்செல்வது, பிடிக்காத ஒருவருக்காக ஜெபிப்பது என்று வருடக்கணக்கில் வாழ்ந்து பார்த்து உறுதி கொண்டவர்கள், ஒரே இரவில் பதில் பெற்றவர்களைவிட எங்கள் சபையில் அதிகம் என்பது என் அனுபவம்.

பாப்பிரஸ் பற்றி வாசித்தபோது எனக்கும் தூக்கம் வரவில்லை. நல்ல வாழ்வைத் தரும் விதை, தகடுகள் இருந்தன என்பதையும் மெய்ப்பிக்குமா என்று சகோதரர் கொங்குவாசகன் அடுத்துக் கேட்பார் என்று தெரியும். என்னளவில் முதலாவதை அறிவேன் என்பேன், இரண்டாவதை விசுவாசிக்கிறேன் என்பேன். முதல் ஞாயிறன்று எழுந்து நிற்கும்போதும் அப்படித்தான் பிரித்துச் சொல்கிறேன். இதுவரை எங்கள் சபையில் எவரும் அதற்காக என்னைக் கடிந்துகொண்டதில்லை.