யூதப் படுகொலையை யார் வழியாக நினைவுகூர்வது? உயிர் தப்பியவர்களா, ஆவணங்களா?

செங்காந்தள்:
2025 ஜனவரி 27, போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் வதைமுகாம் விடுவிக்கப்பட்டதன் 80ஆம் ஆண்டு நாள். அங்கே கூடியிருந்த மன்னர்களுக்கும் அதிபர்களுக்கும் மேடையில் பேச இடம் தரப்படவில்லை. உயிர் தப்பியவர்கள் பேசினார்கள், தலைவர்கள் கேட்டார்கள். அன்று பேசிய மரியன் துர்ஸ்கி அடுத்த மாதமே 98 வயதில் காலமானார். அந்தத் தலைமுறை நம் கண்முன் மறைந்துகொண்டிருக்கிறது.

நாஜிகள் கொன்ற யூதர்கள் அறுபது லட்சம் பேர். அந்த எண்ணை மனம் ஏந்திக்கொள்ள முடிவதில்லை. சிமோன் வேயின் வாழ்க்கையைச் சொல்லுங்கள். 16 வயதில் ஆஷ்விட்ஸுக்கு ஏற்றி அனுப்பப்பட்டவர். கையில் பச்சை குத்திய எண்ணோடு பிரான்சின் சுகாதார அமைச்சரானவர். 1979இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தலைவரானவர். இனி வரும் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்டவர்களின் வாழ்க்கை வழியாகத்தான் இதைச் சொல்ல வேண்டும்.

கல்வெட்டு:
கடுமையாக மறுக்கிறேன், அம்மா. பிழைத்தது விதிவிலக்கு, சாவுதான் நடைமுறை. விதிவிலக்கை முன்னால் நிறுத்தினால் நடந்தது என்னவென்றே தெரியாமல் போகும். போலந்தின் பெல்ஜெட்ஸ் முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கொல்லப்பட்டவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். போருக்குப் பின் சாட்சியம் சொன்னவர்கள் இருவர்: ருடோல்ஃப் ரெடர், ஹைம் ஹிர்ஷ்மன். வாழ்க்கைக் கதைகளை மட்டும் நம்பினால் பெல்ஜெட்ஸ் ஓரமாக ஒதுங்கிவிடும். ஒதுங்கித்தான் கிடக்கிறது. ஆஷ்விட்ஸ் என்றால் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்குப் பெல்ஜெட்ஸ் தெரியும்?

இன்னொன்று. தன்னைப் படுகொலை மறுப்பாளர், அதாவது அப்படியொரு படுகொலை நடக்கவில்லை என்று வாதிடுபவர், என்று எழுதியதற்காக வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மீது எழுத்தாளர் டேவிட் இர்விங் லண்டனில் அவதூறு வழக்குத் தொடுத்தார். லிப்ஸ்டாட் தரப்பு உயிர் தப்பிய ஒருவரைக்கூடச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. கட்டட வரைபடங்களையும் நாஜிகளின் கோப்புகளையும் வரலாற்றாசிரியர்களின் ஆய்வையும் வைத்து 2000இல் வென்றார்கள். மறுப்பவர்களின் வாயை அடைத்தவை காகிதங்கள்.

செங்காந்தள்:
ஏன் ஏற்றவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், ஐயா. இர்விங் வழக்கறிஞர் வைக்காமல் தானே வாதாடினார். முகாமில் பெற்றோரை இழந்த முதியவரை அந்த மனிதர் குறுக்கு விசாரணை செய்து அவமதிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த முடிவு. அவர்கள் சொல் எடுபடாது என்று யாரும் கருதவில்லை.

பெல்ஜெட்ஸ் உங்களுக்கு எதிரான சாட்சி. பிணங்களைத் தோண்டி எரித்து, முகாமை இடித்து, மேலே மரக்கன்று நட்டு, அந்த இடத்தைப் பண்ணையாக்கினார்கள். தடயம் இருக்கக் கூடாது என்பதே கொன்றவர்களின் திட்டம். அந்த வேலிக்குள் என்ன நடந்தது என்று இன்று நாம் அறிவதில் பெரும்பங்கு ரெடர் சொன்னதால் வந்தது. கொலைகாரன் எரித்த கோப்பை எந்த ஆவணக் காப்பகத்தில் தேடுவீர்கள்?

வடிவு:
இருவரும் ஆவணத்தை ஒரு பக்கமும் மனிதரை மறுபக்கமும் நிறுத்துகிறீர்கள். நான் வரலாற்று ஆசிரியை. வகுப்பில் சொல்வது வரலாற்றாசிரியர் எமானுவேல் ரிங்கெல்ப்ளூமின் கதை. போலந்தின் வார்சா நகரில் யூதர்களை நாஜிகள் அடைத்து வைத்த கெட்டோ என்ற பகுதிக்குள் ரகசியக் குழு அமைத்து நாட்குறிப்பு, ரேஷன் அட்டை, சுவரொட்டி, குழந்தைகள் எழுதிய கட்டுரை என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்து மண்ணில் புதைத்தார்கள். 1944இல் அவர் கொல்லப்பட்டார். குழுவில் பிழைத்த மிகச் சிலரில் ராக்கெல் அவுவர்பாக் ஒருவர். அந்தப் பெட்டிகளைத் தேடியெடுக்க வேண்டும் என்று தொடர்ந்து வற்புறுத்தியவர்களில் அவரும் உண்டு. 1946இலும் 1950இலும் இரண்டு பகுதிகள் கிடைத்தன. மூன்றாவது கிடைக்கவே இல்லை. பின்னர் யூதப் படுகொலைக்கான இஸ்ரேலின் நினைவு நிறுவனமான யாத் வஷேமில் சாட்சியங்களைப் பதிவு செய்யும் துறையை அவர் நடத்தினார். மாண்டவர்கள் எழுதிவைத்ததைப் பிழைத்தவர் மீட்டார். இதில் எதைத் தனியாகப் பிரிப்பது?

கல்வெட்டு:
அவுவர்பாக்கை வணங்குகிறேன். என் எதிர்ப்பு சாட்சியத்தின் மீதல்ல, செங்காந்தள் அம்மா தேர்ந்தெடுத்த வாழ்க்கையின் மீது. முகாமில் தொடங்கி நாடாளுமன்றத் தலைமையில் முடியும் கதையைக் கேட்கும் பிள்ளை நிம்மதியாக வீட்டுக்குப் போகும். சிமோன் வேயின் தாய் 1945 மார்ச்சில் பெர்கன்-பெல்சன் முகாமில் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார். தந்தையும் அண்ணனும் பால்டிக் பகுதிக்கு ஏற்றி அனுப்பப்பட்டார்கள், திரும்பவில்லை. நீங்கள் எழுதிய பத்தியில் இந்த மூவரும் இல்லை. வெற்றிக் கதையில் அவர்களுக்கு இடம் இருப்பதில்லை. நான் அஞ்சுவது இதைத்தான்.

செங்காந்தள்:
மூவரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அவர்களை மறக்க விடாமல் எழுதியும் பேசியும் வந்தவரே சிமோன் வேய்தானே. ஆனால் பிழைத்தவர்களின் வாழ்க்கை நிம்மதி தரும் என்ற உங்கள் எண்ணத்தை ஏற்க மாட்டேன். 1946 ஜூலையில், போர் முடிந்து ஓராண்டுக்குப் பின், போலந்தின் கியெல்ட்ஸே நகரில் 42 யூதர்கள் கும்பல் வன்முறையில் கொல்லப்பட்டார்கள். முகாம்களிலிருந்து மீண்டவர்களும் அந்த நகரில் தங்கியிருந்தார்கள். நீங்கள் பெயர் சொன்ன ஹிர்ஷ்மனுக்கு என்ன ஆனது? அதே ஆண்டு மார்ச்சில் லூப்ளினில் யூத வரலாற்று ஆணையத்தின் முன் சாட்சியம் சொல்லத் தொடங்கினார். முடிப்பதற்குள் அன்றே கொல்லப்பட்டார். அவர் தன்னிடம் சொல்லியிருந்தவற்றை மனைவி பின்னர் ஆணையத்தில் சொல்லிப் பதிய வைத்தார். இந்த வாழ்க்கையைக் கேட்டு எந்தப் பிள்ளை நிம்மதியாகப் போகும்?

கல்வெட்டு:
அப்படியானால் பாடத்தை ஹிர்ஷ்மனிடமிருந்து தொடங்குங்கள். சிமோன் வேய் இரண்டாவதாக வரட்டும், தாயோடும் தந்தையோடும் அண்ணனோடும். அந்த வரிசைக்கு நான் உடன்படுகிறேன்.

வடிவு:
அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் நாஜிசப் பாடம் வருகிறது. அந்த வரிசையிலேயே நடத்தப் போகிறேன். ரிங்கெல்ப்ளூமை மட்டும் விட மாட்டேன்.